ஒற்றைப் பனையடியில் போட்ட தண்டோரா

அரசன் மங்கைபாகனுக்கு எதையும் ஒன்றோடு நிறுத்தத் தெரியாது. காற்றில் சுற்றி மாவரைக்கும் ஆலை ஒன்றைப் பற்றி ஒரு கப்பல் வணிகன் சொன்னான். "நூறு வையுங்கள்" என்றான் அரசன். ஊசிக்கணவாயில் இடம் பார்த்தார்கள். மேற்கிலிருந்து வரும் ஆடிக்காற்று நாட்டுக்குள் நுழைகிற வாசல் அதுதான்.

திட்டம் போட்டவர் பிரதானி அனந்தப்பர். வரைபடத்தில் தொண்ணூறு ஆலைகளைக் கணவாயின் கரட்டுக் குன்றில் வைத்தார். மிச்சம் பத்தும் பக்கத்து மேட்டில் நின்றிருக்க வேண்டும். ஆனால் மேட்டில் பிரதானியின் முந்திரித் தோப்பு இருந்தது. ஆகவே அந்தப் பத்தும் வாகைக்குளம் என்ற ஊரின் குளத்துக்கு நீர் கொண்டுவரும் ஓடைக்குள் இறங்கின.

அந்த நாட்டில் எது கட்டுவதானாலும் முதலில் ஊரில் தண்டோரா போட வேண்டும். ஒரு நாழிகைக்குள் யாரும் மறுக்காவிட்டால் அனுமதி. வாகைக்குளத்தில் ஒருவரும் மறுக்கவில்லை. ஓலையில் முத்திரை விழுந்தது.

முதல் கம்பம் நட அரசனே வந்து, ஊர் நடுவில் கூடாரம் அடித்தான். பேச்சித்தாய் என்ற விவசாயி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"சாமி, ஓடைய அடைச்சா குளம் நிறையாது. நாங்க எதை வச்சு நெல்லு நடுவோம்?"

"தண்டோரா போட்டபோதே சொல்லியிருக்கலாமே?"

"எங்க போட்டாங்க? ஒருத்தர் காதுலயும் விழலயே!"

பிரதானி ஓலையை நீட்டினார். போட்டவன் பெயர், நாள், நாழிகை எல்லாம் இருந்தன. அரசன் கையை விரித்தான். "சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறதே அம்மா. நாளைக்குக் கம்பம் நடுவோம்."

அரசனோடு வந்தவர்களில் திருமலைக்கொழுந்தும் ஒருவன். சபையில் அவனுக்கு வேலை இன்னதென்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் இல்லாவிட்டால் சபை கூடாது. அவன் தண்டோராக்காரனைத் தனியே அழைத்தான்.

"எங்கே நின்று போட்டாய்?"

"ஊருக்குக் கிழக்கே, ஒத்தப் பனையடியில ஐயா. பிரதானி சொன்ன இடம்."

"பலமாகப் போட்டாயா?"

"கை வீங்கிப்போச்சு ஐயா."

மறுநாள் காலை. அரசன் கூடாரத்தில் உட்கார்ந்து சவரக்காரரிடம் சவரம் செய்துகொண்டிருந்தான். ஒரு கன்னம் முடிந்திருந்தது. திடீரென்று கூடாரம் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்தது. வெளியே நான்கு ஆட்கள் முளைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கொழுந்து பக்கத்தில் நின்று மேற்பார்த்தான்.

"என்னடா இது?"

"நூற்றோராவது ஆலை அரசே. கூடாரம் இருக்கும் இடத்தில் வருகிறது. காலையிலேயே தண்டோரா போட்டாயிற்று. ஒரு நாழிகை காத்திருந்தோம். தாங்கள் மறுக்கவில்லை."

"எனக்குக் கேட்கவே இல்லையே!"

"போட்டவன் பெயர், நாள், நாழிகை எல்லாம் ஓலையில் இருக்கின்றன. அதே ஆள், அதே பனையடி."

அரசன் முகம் சிவந்தது, சவரம் செய்த பக்கம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. அரசனுக்குப் பரிந்து பேச நல்ல நேரம் என்று நினைத்த பிரதானி ஓடோடி வந்து கொழுந்தின் மேல் பாய்ந்தார்.

"முட்டாளே! இந்த மேல்காற்றில் கிழக்கே நின்று கொட்டினால் ஊருக்குள் எப்படியடா கேட்கும்? சத்தமெல்லாம் அடுத்த ஊருக்கல்லவா போகும்!"

கொழுந்து கணக்கரைப் பார்த்தான்.

"எழுதிக்கொள்ளுங்கள். வாகைக்குளம் தண்டோரா குறித்து வந்த முதல் மறுப்பு. மறுத்தவர், பிரதானி அனந்தப்பர்."

கணக்கர் எழுதினார். பிரதானியின் பெயருக்கு எத்தனை சுழி என்றுகூடக் கேட்டுக்கொண்டார்.

அரசன் சிரித்த சிரிப்பில் சவரக்காரர் கத்தியை எட்டப் பிடித்துக்கொண்டார். பத்து ஆலைகளும் முந்திரித் தோப்புக்கு ஏறின. ஓடை பிழைத்தது. பேச்சித்தாய் கும்பிட்டுவிட்டு, நாற்றங்காலுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டாள்.

"கொழுந்து, உனக்கு ஒரு பரிசு தருகிறேன். ஊரறிய அறிவிக்கிறேன்" என்றான் அரசன்.

"எதுவானாலும் சரி அரசே. அறிவிக்கிறவனை மட்டும் மேற்கே நிற்கச் சொல்லுங்கள்."