நாலாவது சிலிண்டர்

"வண்டி மிஸ் அடிக்குது மேஸ்திரி. மூணாவது சிலிண்டர். டீசல் பீச்சுற நாசில் போச்சு. புதுசு கையோட வாங்கிட்டு வந்திருக்கேன், மாட்டிக் குடுங்க. பத்து மணிக்குள்ள நான் ஹோமுக்குப் போயாகணும்."

வேனை விட்டு இறங்கும்போதே சிஸ்டர் ஜெசிந்தா இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டார்.

முதியோர் இல்லத்துக்குச் சொந்தமான வேன். இருபத்தாறு வருடப் பழசு. அணைக்காமல் விட்ட எஞ்சின் மூன்று அடி ஒழுங்காக அடித்தது, நாலாவது அடிக்கு நொண்டியது. பின்னால் வெள்ளைப் புகை.

அசன் மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மூணாவதுன்னு யாரு சொன்னா?"

"போன வருஷமும் மூணாவதுதானே?"

"அது போன வருஷம்."

"பின்னே? அதுக்குள்ள திருந்திடுமா?"

மேஸ்திரி பானெட்டைத் தூக்கினார். ஒரு ஸ்பேனரையும் பழந்துணியையும் எடுத்தார்.

"பக்கத்துல வாங்க சிஸ்டர். கண்ணை மூடிக்கிடுங்க. காதை மட்டும் தெறந்து வைங்க."

"கண்ணை மூடுறதை எனக்குச் சொல்லித் தர வேண்டாம். செபத்துல முப்பத்திரண்டு வருஷப் பழக்கம்."

மூடிக்கொண்டார்.

முதல் சிலிண்டருக்கு டீசல் போகும் குழாயின் நட்டைத் துணி சுற்றித் தளர்த்தினார் மேஸ்திரி. எஞ்சின் தொய்ந்தது. வண்டியே உதறியது.

"சத்தம் மாறிச்சா?"

"மாறிச்சு. சாகப்போற மாதிரி கேக்குது."

"அப்ப இது வேலை செய்யுது."

நட்டை இறுக்கினார். இரண்டாவதைத் தளர்த்தினார்.

"மாறிச்சா?"

"மாறிச்சு."

மூன்றாவது.

சிஸ்டர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மாறிச்சா சிஸ்டர்?"

"மாறிச்சு" என்றார், பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர் மாதிரி.

"அப்ப இதுவும் வேலை செய்யுது."

கொஞ்ச நேரம் போனது. எஞ்சின் நொண்டிக்கொண்டே இருந்தது. சிஸ்டருக்குக் கால் வலித்தது.

"நாலாவதை எப்பத்தான் தளர்த்துவீங்க?"

"தளர்த்தி ரெண்டு நிமிசம் ஆச்சு."

சிஸ்டர் கண்ணைத் திறந்தார். நாலாவது குழாயில் சுற்றிய துணி டீசலில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"நிறுத்தினாலும் தெரியலைன்னா, அது ஏற்கெனவே நின்னுபோச்சுன்னு அர்த்தம்" என்றார் மேஸ்திரி.

"சரி, நாலாவது. நாலாவது நாசிலைக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசை மாட்டுங்க. மணி ஒம்பது."

மேஸ்திரி எஞ்சினை அணைத்துவிட்டு நாலாவது நாசிலைக் கழற்றினார். பிறகு மூன்றாவதையும் கழற்றினார்.

"அதை எதுக்குக் கழட்டுறீங்க? அதுதான் வேலை செய்யுதே."

"அதனாலதான்."

மூன்றாவதின் நாசிலை நாலாவதில் வைத்தார். நாலாவதினுடையதை மூன்றாவதில் வைத்தார். புது நாசில் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

"பத்து மணிக்கு அப்படி என்ன அவசரம்?" என்றார், வேலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஒருத்திக்கு லெட்டர் குடுக்கணும். வேலையை விட்டு நின்னுக்கோன்னு."

"யாருக்கு?"

"செல்லக்கனிக்கு."

"போன வருஷம் சோத்தைக் கருக்கினாங்களே, அவங்களா?"

"அவளேதான். மாடியில படுக்கையாக் கிடக்கிறதுங்க பதினொரு பேர். ஏழரைக்குச் சாப்பாடு ஏறணும். இவ கொண்டுபோகும்போது எட்டே கால். உப்புமா கட்டி தட்டிப்போய் நிக்குது. போன வாரம் சர்க்கரைக்கார அம்மா ஒண்ணு மயங்கியே விழுந்துடுச்சு. கீழ் ஹாலுக்கு மிக்கேலம்மா பரிமாறுறா. ஒருநாள், ஒரே ஒருநாள் பிந்தினது கிடையாது."

"செல்லக்கனி என்ன சொல்றாங்க?"

"அவ என்னத்தைச் சொல்ல? ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்களை வச்சிருக்கேன் சிஸ்டர்ம்பா. புருஷன் இல்லைம்பா. அதையெல்லாம் பார்த்தா பதினொரு பேரும் பட்டினி கிடக்க வேண்டியதுதான்."

மேஸ்திரி குழாய்களை மாட்டி முடித்தார். எஞ்சினைக் கிளப்பினார்.

அதே நொண்டல்.

"கண்ணை மூடவா?" என்றார் சிஸ்டர்.

"இந்தத் தடவை தெறந்தே பாருங்க."

மூன்றாவதைத் தளர்த்தினார். வண்டி உதறியது.

நாலாவதைத் தளர்த்தினார். ஒன்றும் ஆகவில்லை.

சிஸ்டர் குனிந்து பார்த்தார்.

"இப்ப நாலாவதுல இருக்கிறது மூணாவதோட நாசில்தானே? நல்லா ஓடிட்டிருந்ததாச்சே?"

"இப்பவும் அது நல்ல நாசில்தான்."

"அப்புறம் ஏன் ஓடலை?"

"அந்த இடத்துல அதால முடியலை."

"முன்னால அங்க இருந்தது?"

"அதுவும் நல்ல நாசில்தான். மூணாவதுல போய் நின்னு ஓடுது பாருங்க."

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மேஸ்திரி எஞ்சினை அணைத்தார்.

"இனி ஆறணும். சூட்டோட கை வச்சா அளவு தப்பும்."

"எவ்வளவு நேரம்?"

"ஆறுற வரைக்கும்."

பத்து மணி வந்தது. போனது. சிஸ்டர் இரண்டு டீ குடித்தார். இரண்டாவது டீயில் சர்க்கரை அதிகம் என்று டீக்காரரிடம் சொன்னார். மூன்றாவது டீயை அவர் கொண்டுவரவே இல்லை.

பன்னிரண்டரைக்கு மேஸ்திரி எஞ்சினின் மேல் மூடியைத் திறந்தார். ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று வர ஒரு வால்வு, புகை போக ஒரு வால்வு. வால்வின் தலைக்கும் அதை அமுக்குகிற இரும்புக்கும் நடுவில் துளி இடைவெளி இருக்க வேண்டும். மெல்லிய அளவுத் தகடு ஒன்றை ஒவ்வொரு இடைவெளியிலும் விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். நுழைந்தது. நுழைந்தது. நுழைந்தது.

நாலாவதின் புகை வால்வில் நுழையவில்லை.

இன்னொரு தடவை விட்டுப் பார்த்தார்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னால இதுக்கு அளவு வச்சது யாரு சிஸ்டர்?"

"நீங்கதான். வேற யாரு இந்த வண்டியில கை வைக்கிறா?"

"ஆமா. நான்தான்."

"ஏன் இப்படி இறுக்கி வச்சீங்க?"

"டக்கு டக்குன்னு சத்தம் வருது, தலை வலிக்குதுன்னு சொன்னீங்க. சத்தம் வந்தது இதுலதான். வராத மாதிரி வச்சேன்."

சிஸ்டர் குனிந்து வால்வைப் பார்த்தார்.

"சூடானா இரும்பு நீளும். நீள எடம் இல்ல. வால்வு முழுசா மூட மாட்டேங்குது. காத்து அழுந்தாம வெளிய போயிருது. டீசல் வந்தும் தீப் பத்தலை." மேஸ்திரி ஸ்பேனரைத் திருப்பினார். "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா வால்வே கருகியிருக்கும்."

இடைவெளியில் தகட்டை வைத்துத் திருகை இறுக்கினார். மூடியை மூடினார். கிளப்பினார்.

நாலு அடியும் விழுந்தது. புகை இல்லை. உள்ளிருந்து லேசாக ஒரு டக்டக் மட்டும்.

"சத்தம் வருதே மேஸ்திரி?"

"வரட்டும்."

புது நாசில் பெட்டியைச் சிஸ்டர் கையில் கொடுத்தார்.

"கடையில திருப்பிக் குடுத்துருங்க."

சிஸ்டர் அதைப் பையில் போட்டார். பைக்குள் கடிதம் இருந்தது. போகும் வழியெல்லாம் அந்த டக்டக் கூடவே வந்தது.

மறுநாள் காலை சிஸ்டர் சமையலறைக்குப் போனார்.

"மிக்கேலம்மா, இன்னைக்கு நீ மாடிக்கு. செல்லக்கனி, நீ கீழ் ஹாலுக்கு."

மிக்கேலம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டாள். செல்லக்கனி ஒன்றும் கேட்காமல் கரண்டியை மாற்றி எடுத்தாள்.

ஏழு மணிக்கு ஹாலில் செபமாலை. மாடிக்காரர்கள் தவிர எல்லோரும் இருக்க வேண்டும், வேலைக்காரர்களும்தான். ஏழரைக்குச் செபமாலை முடிந்தது. அடுத்து உபகாரிகளுக்கான மன்றாட்டு. அரிசி தந்தவர், மின்விசிறி தந்தவர், போர்வை தந்தவர் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, மொத்தம் நாற்பத்து மூன்று பேர். ஐந்து மாதத்துக்கு முன் சிஸ்டர் சேர்த்தது. கீழ் ஹாலில் இருப்பவர்களுக்குத் தட்டு முன்னாலேயே இருக்கும், ஆமென் சொன்னதும் பரிமாறிவிடலாம்.

பதினேழாவது உபகாரியின் பெயரைச் சொல்லும்போது சிஸ்டர் கண்ணைத் திறந்தார்.

ஐந்து மாதத்தில் முதல் தடவை.

மாடிப்படிக்குக் கீழே மிக்கேலம்மா உப்புமா வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் செபமாலை. வாளியில் ஆவி அடங்கியிருந்தது. அவள் தலைக்கு மேலே சுவரில் ஒரு அட்டை: 'செபம் முடியும் முன் உணவு மாடிக்கு ஏறக் கூடாது.'

கொட்டை எழுத்து. சிஸ்டரின் கையெழுத்து.

சிஸ்டர் நிறுத்தினார். கிழவிகள் ஒவ்வொருத்தியாகக் கண்ணைத் திறந்து பார்த்தார்கள்.

"மிக்கேலம்மா, மேல போ."

"இன்னும் முடியலையே சிஸ்டர். இருபத்தாறு பேரு பாக்கி இருக்காங்க."

"போன்னா போ."

சிஸ்டர் அட்டையைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்தார். நேராகச் சமையலறைக்குப் போனார். பையிலிருந்த கடிதத்தையும் அட்டையையும் சேர்த்து அடுப்பில் போட்டார்.

உப்புமா வாளி எடுக்க உள்ளே வந்த செல்லக்கனி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன எரிகிறதென்று அவளுக்குத் தெரியாது.

"அஞ்சு மாசம்" என்றார் சிஸ்டர். "அஞ்சு மாசமா இதை ஏன்டி நீ என்கிட்ட சொல்லலை?"

"முதல் வாரமே சொன்னேனே சிஸ்டர்" என்றாள் செல்லக்கனி. "சத்தம் போடாதேன்னுட்டீங்க."