கேட்டை அடைத்த கல்லூரி

கூழாங்குளத்தில் ஒரு கலைக் கல்லூரி. பாடம் நடத்தியவர்கள் எல்லோருமே முனைவர்கள். அதற்குமேல் அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை.

சேரும் பிள்ளைகளில் பாதிப் பேர் நடுவிலேயே படிப்பை விட்டுவிடுவார்கள். தாளாளர், முதல்வர் ஆவுடையப்பனைக் கூப்பிட்டார்.

"பிள்ளைகளைத் தக்கவைக்கிற கல்லூரிக்கு விருதாம். திங்கக்கிழமை குழு வருது. இனி ஒரு பிள்ளை வெளியே போச்சுன்னாலும் நீங்களும் கூடவே போயிடுங்க."

முதல்வர் நாற்காலி போனால் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது? ஆவுடையப்பன் உடனே பேராசிரியர்களைக் கூட்டினார்.

வாசலில் பர்வீன் என்ற மாணவி வந்து நின்றாள். "சார், மூணேகால் பஸ்ஸை விட்டா எங்க ஊருக்கு வேற பஸ் இல்ல. கடைசி வகுப்பைக் கொஞ்சம் முன்னாடி முடிச்சீங்கன்னா நான் படிப்பை விடமாட்டேன்."

"இரும்மா, பிள்ளைங்க ஏன் போறாங்கன்னு ஆராய்ச்சி நடக்குது" என்றார் முதல்வர்.

பொருளாதாரப் பேராசிரியர் செண்பகராமன் தொண்டையைச் செருமினார். "ஒரு வாரமா வேப்பமரத்தடியில உட்கார்ந்து பார்த்தேன். போன அத்தனை பேரும் கேட் வழியாத்தான் போனாங்க."

எல்லோரும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

"பூட்டிடலாமா?" என்றார் முதல்வர்.

"பூட்டினா சாவி இருக்கும். சாவி இருந்தா திறக்கத் தோணும்" என்றார் விலங்கியல் பேராசிரியர் ஸ்டெல்லா.

ஆகவே கேட்டைப் பெயர்த்துவிட்டுச் சுவர் வைப்பதென்று முடிவாயிற்று. வகுப்பு கெடக்கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல்வரும் பேராசிரியர்களும் உள்ளே நின்று செங்கல் எடுத்துக் கொடுக்க, கொத்தனார் வெளியே நின்று கட்டி முடித்தார்.

திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து சுவருக்கு வெளியே நின்றார்கள். "சார், உள்ள விடுங்க" என்றாள் பர்வீன்.

முதல்வர் நாற்காலி மேல் ஏறி எட்டிப் பார்த்தார். "விட்டா திரும்பிப் போயிடுவீங்களேம்மா."

குழுவும் வந்தது. "சுவர் வச்சதிலிருந்து எத்தனை பிள்ளைங்க வெளியே போனாங்க?" என்றார் தலைவர்.

"ஒருத்தர்கூட இல்லைங்க."

இப்படியொரு கல்லூரியைத் தம் அனுபவத்தில் பார்த்ததில்லை என்று தலைவர் உருகிப்போனார். பிள்ளைகள் அவரைத் தூக்கிப் பிடிக்க, கேடயத்தைச் சுவருக்கு மேலாக நீட்டினார்.

தாளாளர் மாலையோடு வந்தார். ஆவுடையப்பனுக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது; பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "என் கையில என்ன இருக்குங்கய்யா? எல்லாம் இந்தச் சுவர்தான் செஞ்சுது."

தாளாளர் நியாயஸ்தர். மாலையைச் சுவருக்குப் போட்டு, அதையே முதல்வராக நியமித்தார். ஆவுடையப்பன் துணை முதல்வரானார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகலாமா என்று ஆவுடையப்பன் புது முதல்வரிடம் பணிவாகக் கேட்டார். அது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறதாம்.