சிந்திய கதிர் யாருடையது?

சபை மூப்பர் அருமைநாயகம், அறுப்பு முடிந்த தன் வயலில் சிந்திக் கிடந்த கதிர்களைப் பொறுக்கினாள் என்று, விதவை ஞானப்பூவை ஞாயிறு ஆராதனையில் எல்லாருக்கும் முன்னால் நிறுத்திவிட்டார்.

"திருடி! எல்லார் முன்னாலும் முட்டி போட்டு மன்னிப்புக் கேள். இல்லாட்டி உனக்குத் திருவிருந்து கிடையாது. களவு செய்யாதேன்னு மோசேயின் சட்டம் சொல்லுது, பார்!" என்று வேதத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டினார்.

ஞானப்பூவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கோயிலில் வாசிப்பதையெல்லாம் காது கொடுத்துக் கேட்கிறவள் அவள்.

"போதகரய்யா, மூப்பர் விரல் வச்ச இடத்துக்கு ரெண்டு வசனம் மேலே வாசிங்க" என்றாள்.

போதகர் வாசித்தார். வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்கக் கூடாது, சிந்தியதையும் பொறுக்கக் கூடாது, அதெல்லாம் ஏழைக்கு என்றிருந்தது.

"வரப்பு வரைக்கும் மிஷினை விட்டு வழிச்சு அறுத்தீங்களே, மூப்பரய்யா, அந்த ஓரம் என் பங்கு. இப்போ சொல்லுங்க, திருடினது நானா, நீங்களா?"

மூப்பர் வேதத்திலிருந்து விரலை எடுத்தார். சபையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"நீங்க முட்டி போட வேண்டாம். தைரியமாத் திருவிருந்துப் பந்திக்கு வாங்க. நான் தடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அவரை முந்திக்கொண்டு பீடத்தை நோக்கி நடந்தாள் ஞானப்பூ.