விரதம் இருந்த குதிரை

கதை கேட்க வந்தவர்கள் வாயில் இருப்பதை மென்று விழுங்கிவிட்டு உட்காருங்கள். இது சாப்பாட்டுக் கதை. நடுவில் யாராவது ஏப்பம் விட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

கடலில் பாய்க்கப்பல் மட்டுமே ஓடிய காலத்தில், செம்மணல் நாட்டை நல்லடிராயன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். மகா தயாளர். அவர் அரண்மனைக்கு வந்த யாரும் பசியோடு திரும்பியதில்லை. சிலர் திரும்பியதே இல்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்த நாட்டில் மாடு உண்டு, யானை உண்டு, குதிரை மட்டும் கிடையாது. மேற்கே இருந்து வருஷத்துக்கு ஒரு வியாபாரி கப்பலில் ஒரு குதிரையைக் கொண்டுவந்து விற்பான். அது என்ன தின்னும் என்று மட்டும் சொல்லமாட்டான். சொன்னால் அடுத்த வருஷம் யார் வாங்குவார்கள்?

முதல் குதிரை வந்தது. லாயக்காரன் ஒரு கட்டுப் புல்லைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். மடைப்பள்ளித் தலைவர் சுவைநாயகம் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“அடச்சீ! கடல் தாண்டி வந்த விருந்தாளிக்குப் புல்லா போடுவாய்? பக்கத்து நாட்டுத் தூதர் பார்த்தால் நம் மானம் என்ன ஆகும்?”

ராஜாவும் ஆமாம் என்றார். வாழை இலை விரித்து நெய்ச்சோறு போட்டார்கள். குதிரை தின்றது. மூன்றாம் மாதம் செத்தது. சுழி பார்க்கும் பண்டிதர் வந்து, “கழுத்தில் சுழி கோணல்” என்றார். லாயக்காரனை நாடு கடத்தினார்கள்.

இரண்டாம் குதிரை வந்தது. முந்தினதற்கு உபசாரம் போதவில்லை என்று பால் பாயசத்தையும் சேர்த்தார்கள். தின்றது. இரண்டாம் மாதம் செத்தது. சோதிடர் வந்து, “சனி பார்த்துவிட்டான்” என்றார். சனியைப் பிடிக்க முடியவில்லை. அதனால் புது லாயக்காரனைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள்.

மூன்றாம் குதிரை வந்தது. வெள்ளைப் பெண்குதிரை. ராஜா அதற்கு மேகவல்லி என்று பெயர் வைத்து, தன் மகளைப் போலக் கொஞ்சினார். நெய்ச்சோறு, பாயசம், போதாததற்குச் சர்க்கரைப் பொங்கல். ஒரு மாதத்தில் மேகவல்லி முன்னங்காலை ஊன்ற முடியாமல் பின்னால் சாய்ந்து நின்றது.

“இதுவும் செத்தால் லாயக்காரன் தலை இருக்காது” என்றார் தயாளர்.

அந்தத் தலைக்குச் சொந்தக்காரன் பெயர் குருந்தன். அவன் பெண்சாதி வெள்ளச்சி, ஊர் மாடுகளுக்குப் புல் அறுத்து விற்கிறவள். சேதி கேட்டதும் அரிவாளைப் போட்டுவிட்டு லாயத்துக்கு ஓடினாள்.

அங்கே பெருங்கூட்டம். சுழிப் பண்டிதர் நெற்றியைப் பார்த்தார். சோதிடர் கட்டத்தைப் பார்த்தார். பூசாரி பூசணிக்காய் சுற்றி உடைத்துத் திருஷ்டி கழித்தார். உடைந்த துண்டு ஒன்றை மேகவல்லி எட்டித் தின்றது. அந்த மாதம் அது தின்றதில் உருப்படியான பண்டம் அது ஒன்றுதான்.

வெள்ளச்சி மூன்று பேரையும் விலக்கிவிட்டுக் குனிந்து லத்தியைப் பார்த்தாள். கூழாய்க் கிடந்தது, புளித்து நாறியது. வயிற்றைத் தட்டினாள். பறை மாதிரி இருந்தது. குளம்பைத் தொட்டாள். சுட்டது.

“அடப்பாவிகளா! ஊரே கூடி நிக்கிறீங்க, இது என்ன தின்னுச்சுன்னு ஒருத்தர் கேட்கலையே!”

“சொல்லிப் பார்த்தேனே புள்ள. புல்லுன்னு வாயைத் திறந்தா, ராஜாவோட விருந்தையே குறை சொல்றியான்னு அடிக்க வர்றாங்க” என்றான் குருந்தன். பாவம், அழுதுகொண்டே சொன்னான்.

வெள்ளச்சி யோசித்தாள். சோற்றை நிறுத்து என்றால் ராஜாவுக்கு அவமானம். ஆனால் ஒன்றே ஒன்றுக்கு அந்த நாட்டில் ராஜாவும் கைகட்டுவார். நேரே சபைக்குப் போனாள்.

“மகாராசா, உங்க குதிரை சாதாரணக் குதிரை இல்லீங்க. இன்னிக்குப் பொங்கலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கிடுச்சு. அது விரதம் இருக்க ஆசைப்படுது!”

சபை சிலிர்த்துப்போனது. ராஜாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. “என் குழந்தை! எத்தனை நாள் விரதம்?”

“ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள். நெய் ஆகாது, இனிப்பு ஆகாது, சோறு ஆகாது. முதல் வாரம் காஞ்ச புல்லும் தண்ணியும்தான். அப்புறம் அருகம்புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாச் சேர்க்கணும். வயிறு சரியானதும் ஊறவெச்ச கொள்ளு ஒரு பிடி. நக்கிக்க ஒரு உப்புக்கட்டி.”

“அருகம்புல்லா! எவ்வளவு புனிதம்!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் சுவைநாயகம். முதல் குதிரை வந்தபோது அதே புல்லுக்கு மூக்கைப் பொத்தியவர், பார்த்துக்கொள்ளுங்கள்.

விரதம் நடந்தது. பத்தாம் நாள் குளம்பின் சூடு இறங்கியது. இருபதாம் நாள் லத்தி உருண்டையாக விழுந்தது. குருந்தன் அதைக் கையில் எடுத்துக் கொண்டாடினான். நாற்பதாம் நாள் மேகவல்லி கோட்டை மதிலைச் சுற்றி ஓடியது. குருந்தன் ஒன்றரை மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான்.

இத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் விரதம் முடிந்தால் விருந்து வைக்கவேண்டுமே! வெள்ளச்சி அதை நினைக்கவில்லை. நாற்பத்தெட்டாம் நாள் ராஜா பந்தல் போட்டார். நெய்ச்சோறு ஒரு அண்டா, பாயசம் ஒரு அண்டா, பொங்கல் ஒரு அண்டா.

“என் குழந்தை நாற்பத்தெட்டு நாள் பட்டினி கிடந்திருக்கிறது. மூன்றையும் அதுவே காலி செய்யட்டும்” என்றார்.

வெள்ளச்சி ராஜாவை நோக்கி அடியெடுத்து வைத்தாள். தான் சொன்ன பொய் தன் புருஷன் கழுத்துக்கே திரும்பி வருகிறதே!

“பேசாம இரு. பொய் சொன்னேன்னு தெரிஞ்சா உன் தலையும் போயிடும்” என்று குருந்தன் அவள் கையைப் பிடித்தான்.

“பேசாம இருந்தா அந்த வாயில்லா ஜீவன் போகும், பின்னாடியே நீங்க போவீங்க. விடுங்க கையை!”

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். எந்த விருந்தையும் ராஜா முதலில் ருசி பார்ப்பார். ருசி என்றால் நாக்கில் ஒரு சொட்டு என்று நினைக்காதீர்கள். மூன்று அண்டாவிலும் மும்மூன்று கிண்ணம். பிறகு திரைக்குப் பின்னால் போவார். குனிவார். சத்தம் கேட்கும். வாய் கொப்பளித்துவிட்டு வருவார். சபையோர் அந்த நேரத்தில் பந்தல் தோரணத்தை ரொம்ப அக்கறையாகப் பார்ப்பார்கள்.

அன்றும் போனார், வந்தார். குதிரையைக் கொண்டுவந்தார்கள். அதுவோ பொங்கல் வாசனைக்கு ஆசையாக மூக்கை நீட்டியது. வெள்ளச்சி அண்டாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

“மகாராசா, விரதம்னு நான் சொன்னது பொய். இதுக்கு அன்னாடச் சாப்பாடே புல்லும் கொள்ளும்தான். உங்க விருந்துதான் இதைக் கொல்லப் பார்த்துச்சு.”

“என்ன திமிர்! ஆசையாகத்தானே தின்ன வருகிறது?” என்று கத்தினார் ராஜா.

“நீங்களும் இப்ப ஆசையாத்தான் சாப்பிட்டீங்க. அப்புறம் திரைக்குப் பின்னால எதுக்குப் போனீங்க?”

ராஜா அண்டாவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். மெல்லச் சொன்னார்: “வயிறு... ஒத்துக்கொள்ளவில்லை.”

“வெளிய வந்ததும் சுகமா இருந்துச்சா?”

“இருந்தது.”

“குதிரைக்கு வாந்தி எடுக்க வராது மகாராசா. உள்ள போனது மேல வராது. ஒத்துக்காட்டி, வலிக்குதுன்னு சொல்லவும் தெரியாம நின்னுக்கிட்டே சாகும். முந்தின ரெண்டும் அப்படித்தான் செத்துச்சு.”

ராஜா எழுந்து வந்தார். மேகவல்லியின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு விருந்தை எடுக்கச் சொன்னார். சிறையில் கிடந்தவனைத் திறந்துவிடவும், நாடு கடத்தியவனைத் தேடி அழைத்துவரவும் ஆள் அனுப்பினார். அண்டாக்களைப் பந்தல் போட்ட கூலிக்காரர்களுக்கு விட்டார். வெள்ளச்சியின் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து லாயத்துத் தீனி அவள் பொறுப்பு.

சுழிப் பண்டிதர் மறுநாளே சபைக்கு வந்து, குதிரைக்குப் புல்தான் ஆகும் என்று தன் ஏட்டில் ஆதியிலிருந்தே எழுதியிருக்கிறது என்றார். ஏட்டைக் கொண்டுவரச் சொன்னார் ராஜா. மேகவல்லி தின்றுவிட்டதாம்.

கேட்டுக்கொண்டீர்களா? ஒரு உயிரை வளர்க்கிறவர் தன் நாக்கைக் கேட்டு அல்ல, அந்த உயிரின் வயிற்றைக் கேட்டுத்தான் தீனி போடவேண்டும்.