எதிர் வரிசை

"மதர், இந்த மடத்துல பழசுன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல."

சிஸ்டர் செபஸ்தியம்மாள் பதிவேடுகளை மேசைமேல் வைத்தார். முப்பது வருஷம் பள்ளியில் சரித்திரம் நடத்தியவர். கணவர் இறந்தபின், ஐம்பத்தொன்பதாவது வயதில், சங்குமேட்டு மடத்தில் சேர்ந்து துறவு கற்றுக்கொண்டிருந்தார். அவருக்குக் கற்பித்த மடத்துத் தலைவி மதர் இஞ்ஞாசியம்மாளுக்கு நாற்பத்தொன்றுதான்.

"சுவர் புயல்ல விழுந்து மறுபடி கட்டினது. கூரை ரெண்டு தடவை மாத்தினது. மணியைக்கூட உருக்கி வார்த்திருக்காங்க. இருநூறு வருஷத்து மடம்னு பெருமை பேசுறோம். நாளைக்கு அதிகாரி கேட்டா எதைக் காட்டுறது?"

"வரட்டும்" என்றார் மதர்.

தொல்லியல் அதிகாரி பழமைக்குச் சான்று கொடுத்தால், புதிதாகப் போடவிருக்கும் நாலுவழிச் சாலை மடத்தைச் சுற்றிப் போகும். கொடுக்காவிட்டால் மடத்தின் நடுவே போகும்.

மறுநாள் அதிகாரி வந்தார். பெயர் குமரவேல். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"அறுபது வருஷம்கூட இருக்காதே, சிஸ்டர்."

செபஸ்தியம்மாள் தலைகுனிந்தார்.

பன்னிரண்டு மணிக்குப் பகல் ஜெபத்துக்கு மணி அடித்தது. மற்ற ஐந்து சகோதரிகளும் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். செபஸ்தியம்மாள் அதிகாரியை விட்டுவிட்டுப் போகமுடியாமல் கோயில் வாசலிலேயே நின்றார்.

மதர் தனியாக உள்ளே போனார்.

இடது வரிசையில் நின்று சங்கீதத்தின் முதல் வரியைப் பாடினார். பிறகு நடந்துபோய் வலது வரிசையில் நின்று அடுத்த வரியைப் பாடினார். மறுபடி இடது. மறுபடி வலது.

"ஏன் அங்கயும் இங்கயும் நடக்குறாங்க?" என்று அதிகாரி கிசுகிசுத்தார்.

செபஸ்தியம்மாளுக்கும் தெரியவில்லை.

ஜெபம் முடிந்ததும் மதர் வெளியே வந்தார்.

"நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி காலரா வந்தப்ப, நாப்பது நாள்ல இருபத்தொரு சகோதரிகள் செத்துப்போய்ட்டாங்க. மிஞ்சினது ஒருத்திதான். சந்தாயி. பத்தொன்பது வயசு. ஒரு வரிசை பாட, எதிர் வரிசை பதில் பாடணும், இதுதான் இங்க முறை. அவ ரெண்டு பக்கமும் நின்னா. தினம் ஏழு வேளை. எட்டு மாசம்."

"வீட்டுக்குப் போகலையா?"

"அவ அப்பா மாட்டு வண்டி கட்டிட்டு வந்தாரு. 'எதிர் வரிசையில ஆள் இல்லப்பா, நான் எப்படி வர்றது?'ன்னு சொல்லி அனுப்பிட்டா. அப்புறம் காரைக்கால்லேர்ந்து ரெண்டு பொண்ணுங்க வந்து சேர்ந்தாங்க. இன்னைக்கு வரைக்கும் ஜெபம் ஒரு வேளைகூட நின்னதில்ல, சார்."

"பதிவேட்டுல இதெல்லாம் இல்லையே, மதர்!" என்றார் செபஸ்தியம்மாள்.

"யாரு எழுதுறது? இருந்தவ பாடிக்கிட்டு இருந்தா."

அதிகாரி படிவத்தைத் திறந்தார். 'கட்டடம்: புதியது' என்று எழுதினார். சற்று யோசித்து, கீழே எழுதினார்: 'மடம்: பழையது. தொடக்கூடாது.'

கையெழுத்துப் போட்டும் அவர் கிளம்பவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலின் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

மூன்று மணிக்கு மறுபடி மணி அடித்தது.

மதர் இடது வரிசையில் நின்று முதல் வரியைப் பாடி முடித்தார். எதிர்ப்பக்கம் போகக் காலெடுத்து வைத்தார்.

அதற்குள் அங்கிருந்து பதில் வந்தது. முப்பது வருஷம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்ட குரல்.