ஞானதிரவியத்தின் எருக்குவியல்

ஏரல் பக்கம் நூற்புழுவைக் கொல்லும் பூஞ்சாணத்தை வளர்த்துக் கொடுக்கும் ஜெபசெல்விக்கு வயது முப்பத்திரண்டு. அவளிடம் பாடம் கேட்க வந்த ஞானதிரவியத்துக்கு ஐம்பத்தெட்டு. டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவள் சொன்னதைச் செய்வார். கூடக் கொஞ்சமும் செய்வார். அந்தக் கூடக் கொஞ்சத்தில்தான் வில்லங்கம்.

போன ஆடிக் காற்றில் அவருடைய வாழையில் பாதி குலையோடு சாய்ந்தது. வேர்களை நூற்புழு தின்றிருந்தது. இன்னொரு தடவை சாய்ந்தால் தோட்டத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

"டீச்சர், நீங்க தந்த பூஞ்சாணத்தை நான் கலந்து வச்ச எரு தயாராயிட்டா? நாளைக்கு வாழைக்கு வைக்கணும்."

ஜெபசெல்வி மைக்ரோஸ்கோப்பை அவர் பக்கம் தள்ளினாள். அவர் தோட்டத்து வேரிலிருந்து எடுத்த புழு முட்டைகளை, ஒரு வாரத்துக்கு முன்பே இரண்டு தட்டுகளில் எருவோடு வைத்திருந்தாள்.

முதல் தட்டில் கண்ணாடி மாதிரி ஒரு முட்டை. அதைச் சுற்றி வெள்ளை இழைகள். ஒரு இழை முட்டையைத் துளைத்து உள்ளே போயிருந்தது. உள்ளே இருந்த புழு அசையவில்லை.

ஞானதிரவியம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மறுபடி பார்த்தார்.

"நாப்பது வருசமா மேல நடந்திருக்கேன். கீழ இவ்வளவு நடக்கா டீச்சர்?"

"நடக்கு. இதையும் பாருங்க அண்ணாச்சி."

இரண்டாவது தட்டில் இழையே இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முட்டை கிழிந்து, ஒரு குட்டிப் புழு நெளிந்து வெளியே வந்தது.

"முதல்ல பாத்தது யாரு எரு?"

"என்னோடது."

"இது?"

"போன வாரம் நீங்க குடுத்த எரு."

அவர் கண்ணை எடுக்கவில்லை.

"எருவுல வேற என்ன கலந்தீங்க?"

"வாடல் நோய்ப் பூஞ்சாணத்தைக் கொல்ல வாங்கின மருந்து கொஞ்சம் மிஞ்சிச்சு. ரெண்டும் சேந்தா பலம்தானன்னு ஊத்திட்டேன்."

"அது நம்ம பூஞ்சாணத்தையும் சேத்துக் கொன்னுட்டு அண்ணாச்சி." ஜெபசெல்வி திட்டவில்லை. பூஞ்சாணத்தின் புதுப் பாக்கெட் ஒன்றை எடுத்து வைத்தாள்.

"அப்ப மருந்தே ஆகாதா டீச்சர்?"

"ஆகும். நடும்போது கன்னுக் கிழங்கைச் சீவி, புழு மருந்து வச்சோம்லா? அது அன்னைக்கோட சரி. இந்தப் பாக்கெட்டைப் புது எருவுல கலந்து, பதினஞ்சு நாள் விடணும். நிழல்ல போட்டு, ஈரம் காயாமப் பாத்துக்கிடுங்க."

"அது சரி. பதினஞ்சு நாளும் நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாண்டாம்."

"சும்மாவா இருக்கச் சொல்லுதீங்க?"

"நீங்க சும்மா இருந்தாத்தான் அண்ணாச்சி, பூஞ்சாணம் சும்மா இருக்காது."