முதல் வரிசைக்கு முண்டியவர்கள்

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை உக்கிரமாறன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் கொடுத்த விருதை மாலையில் பிடுங்கிக்கொள்கிற மகராசன்! மூன்று வருடமாக நாட்டில் மழை இல்லை. அவனுக்கோ வடக்கே படையெடுத்துப் போக ஆசை. ஆள் சேர்க்கச் சொல்லி ஊரூராகப் பறை அறைந்தார்கள்.

அதைக் கேட்டு வந்தவர்களில் ஒருவன்தான் சாத்தையன். மானாவாரிக் காட்டுக்காரன். வீட்டில் மனைவி நாச்சி, பாலில்லாமல் அழுகிற கைக்குழந்தை. வழி முழுக்க எந்த வேலை நல்லது என்று யோசித்துக்கொண்டே நடந்தான். உப்பளத்துக்குப் போனால் தினமும் கொஞ்சம் கம்பு கிடைக்கும். காலில் புண் வந்தால் அன்றோடு விரட்டிவிடுவார்கள். படையிலோ தினப்படி அரிசி, வருடத்துக்கு இரண்டு வேட்டி, காயம்பட்டால் வைத்தியம். எல்லாம் சரிதான், ஆனால் அந்த அரிசி பாசறையில் அவன் வயிற்றுக்கு மட்டும்தான். செத்தால்தான் வீட்டுக்கு உதிரப்பட்டி: வற்றாத ஆற்றங்கரையில் நிலம், பிள்ளை குட்டி காலத்துக்கும்.

எப்படிப் பார்த்தாலும் சாவுதான் நல்ல சம்பளமாகத் தெரிந்தது. பாவி மனுஷன், அதை நினைத்து நிம்மதிகூடப் பட்டான்.

அரண்மனை முற்றத்தில் ராஜாவுக்கும் அமைச்சருக்கும் முன்னால் இருநூறு பேர் நின்றார்கள். தளபதி வீரகேது மீசையை முறுக்கிக்கொண்டு, "முதல் வரிசையில் நிற்க யார் வருகிறீர்கள்?" என்று கேட்டான். அவ்வளவுதான், இருநூறு பேரும் முண்டியடித்தார்கள்! சாத்தையன் ஒரு கிழவரை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றான்.

ராஜா எதற்கெடுத்தாலும் அமைச்சர் பெரியாண்டாரைக் கேட்கிறாரே என்று வீரகேதுவுக்கு வெகுநாள் எரிச்சல். "பார்த்தீர்களா மகாராஜா! குடிகள் நொந்துபோயிருக்கிறார்கள், போர் வேண்டாம் என்றாரே அமைச்சர்! என் ஒரு சொல்லுக்கு எப்படிப் பொங்குகிறது வீரம்!"

ராஜா பூரித்துப்போய்த் தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான். "என்ன அமைச்சரே, வாயடைத்துப் போயிற்றா?"

"இல்லை மகாராஜா, யோசிக்கிறேன்" என்றார் பெரியாண்டார். "இத்தனை பெரிய வீரர்களுக்குச் செத்த பிறகா நிலம் கொடுப்பது? இப்போதே கொடுங்கள். யார் போருக்கு வராவிட்டாலும் திருப்பிக் கேட்கக் கூடாது. அதற்காக ஓடிவிடுவார்களா என்ன?"

"ஓடினால் என் மீசையைச் சிரைத்துக்கொள்கிறேன்!" என்று குதித்தான் வீரகேது.

ராஜாவுக்கு அந்த நேரத்து உற்சாகம். முத்திரை போட்ட ஓலை ஆளுக்கொன்று கைக்கு வந்தது. சாத்தையன் அதை மடியில் செருகிக்கொண்டான். 

"இப்போது இன்னொரு தடவை கேளுங்கள், தளபதியாரே" என்றார் அமைச்சர்.

வீரகேது கேட்டான்.  ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள்.

"அடேய்!" ராஜா சாத்தையனைப் பார்த்துக் கத்தினான். "சற்று முன் சாகத் துடித்தாயே, இப்போது என்னடா நடுக்கம்?"

சாத்தையன் தடாலென்று விழுந்து அழுதான். "மகாராசா, அப்போ எனக்குப் பயமே இல்லீங்க. நான் செத்தாத்தான் என் புள்ளைக்குக் கஞ்சின்னு வந்தேன். இப்போ கஞ்சி கிடைச்சிருச்சுங்க. இப்போதான் பயமா இருக்கு."

முற்றத்தில் யாரும் சிரிக்கவில்லை.  ராஜா இறங்கி வந்து, வீரகேதுவின் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். நாவிதரைக் கூப்பிட்டு வீரகேதுவை உட்காரவைத்தார்கள். போர் நின்றது; ஆள் சேர்ப்பதும் நின்றது.

சாத்தையன் மடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஊருக்கு ஓடினான். ஊர் எல்லையில் எதிரே ஒரு பெருங்கூட்டம் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. ஒட்டிய வயிறும் குழிவிழுந்த கண்ணுமாக நூறு ஊர் ஜனம்.

முன்னால் வந்தவன் மூச்சிரைக்கக் கேட்டான்: "அண்ணே, முதல் வரிசையில இன்னும் இடம் இருக்கா?"

சாத்தையன் மடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.